கார்டில் ஒரு குறையும் இல்லை

உங்கள் மேசைக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டர் இரைகிறது, டாக்டர். பயப்பட வேண்டியதில்லை. விசிறியில் தூசி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். சின்ன பெயிண்ட் பிரஷ் ஒன்றை வைத்து யாரையாவது தட்டிவிடச் சொல்லுங்கள். இந்த வெயிலில் அப்படியே விட்டால் சூடேறி ஒரு நாள் நின்றுவிடும். போன தடவை வந்தபோதே சொல்ல நினைத்தேன். அப்போது பிரியா பேசிக்கொண்டிருந்தாள். குறுக்கே பேச மனசு வரவில்லை.

இன்றைக்கு அவளை அழைத்து வரவில்லை. கண்டரமாணிக்கத்திலிருந்து அவள் அம்மா வந்து கூட இருக்கிறார்கள். நான் மட்டும் காரைக்குடியில் பஸ் ஏறிச் சிவகங்கைக்கு வந்தேன். டோக்கன் சத்தியப்பிரியா பெயரில்தான் போட்டிருக்கிறேன். பேச வேண்டியது நான்.

செக்காலை ரோட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது ஒரே கேள்வி. "அண்ணே, இந்தக் கார்டு என் சிஸ்டத்துக்குச் செட் ஆகுமா?" கிராபிக்ஸ் கார்டைத்தான் கேட்கிறார்கள். திரையில் படம் வரவைக்கிற அட்டை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சொருகுகிற இடமும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு கார்டிலும் ஒரு சின்னச் சில்லு உண்டு. அதில் சில கட்டளைகள் எழுதியிருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் அதைத்தான் படிக்கும். விண்டோஸ் மெஷினுக்கு எழுதியது பழைய மேக் மெஷினுக்குப் புரியாது. மேக்குக்கு எழுதியது விண்டோஸுக்கு ஒத்துவராது. கார்டு நன்றாகத்தான் இருக்கும், திரை மட்டும் கறுப்பாக நிற்கும். விவரம் தெரியாதவர்கள் கார்டு போய்விட்டது என்று பதறிவிடுவார்கள். இதையெல்லாம் நான் எல்லோருக்கும் பொறுமையாக விளக்குவேன். பிரியாவுக்கும் விளக்கியிருக்கிறேன். அவளிடம் நான் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் கடையில் பில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் ஓர் எஞ்சினியர் பென்டிரைவோடு வந்தார். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு, வீடு முடிந்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படமாகக் காட்டுவார்கள் இல்லையா, எங்கள் பக்கம் அதை எலிவேஷன் என்பார்கள். அவர் கொண்டுவந்த படத்தைப் பார்த்துவிட்டு பிரியா, "இதுல நெழல் தப்பா விழுகுதே சார், வீடு கெழக்கப் பாத்துல்ல இருக்கு" என்றாள். அவர் திரும்பப் பார்த்தார். அங்கிருந்து ஆரம்பித்தது. வீடியோ பார்த்தே எல்லாம் படித்துக்கொண்டாள். மாடி அறையில் அவளுக்கென்று ஒரு மெஷின் நானே கட்டிக் கொடுத்தேன். ஊரில் புது வீடு எழும்பினால் அதன் படம் முதலில் எங்கள் மாடியில் எழும்பும் என்று ஆகிவிட்டது.

கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மேடம் இருக்காகளா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஒரு முறை கூரியர் கொண்டுவந்தவர் என்னிடமே, "நீங்க மேடத்துக்கிட்ட வேலை பாக்குறீகளா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டேன். அவர் பெயர் இருளாண்டி. நீலச் சட்டை போட்டிருந்தார், இடது பையில் பேனா மை கசிந்திருந்தது. அப்படி ஒன்றும் அது என்னைப் பாதிக்கவில்லை.

நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டை இடிப்பதாக இருந்தார்கள். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். இடிக்கும் முன்னால் வீட்டைக் கம்ப்யூட்டரில் அப்படியே எடுத்து வைக்க வேண்டும் என்று பிரியாவைக் கேட்டார்கள். அவள் அங்கே போய் நடந்து நடந்து படமெடுத்தாள், டேப்பைப் பிடித்து அளந்தாள். பிறகு மாடி அறையில் உட்கார்ந்து அந்த வீட்டைத் திரும்பக் கட்டினாள். முற்றத்தில் சாயங்கால வெயில் தூணுக்குத் தூண் ஏறி இறங்கும். வெயிலில் ஒரு நாற்காலி தனியாகக் கிடக்கும். வெளிநாட்டில் இருந்த பங்காளி ஒருவர் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, "எங்க அப்பச்சி இப்பத்தான் எந்திரிச்சு உள்ள போன மாதிரி இருக்கும்மா" என்றார். பிரியா அழுதுவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். காமிராவில் நான் தெரியவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார்கள். சினிமாவுக்கு வீடு, தெரு எல்லாம் கம்ப்யூட்டரிலேயே கட்டித் தருகிற ஸ்டுடியோ. முதலில் வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்து காட்ட வேண்டும், பிடித்திருந்தால் அங்கே போய்ச் சேர வேண்டும். அவள் படியில் ஓடி இறங்கி வந்து சொன்னாள்.

"நீங்களும் வந்துருங்க. அங்குட்டு உங்களுக்கு வேலைக்கா பஞ்சம்? பெரிய பெரிய சர்வீஸ் சென்டரெல்லாம் இருக்கும்ல."

"இருக்கும்" என்றேன்.

அந்த வேலைக்கு அவளுடைய பழைய கார்டு தாங்காது. மதுரைக்கு இருவருமாகப் போய்ப் புதுக் கார்டு வாங்கினோம். திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய மெஷினில் நான் போட்டிருந்த பிராசஸர், கார்டு இல்லாமல் தானாகப் படம் காட்டாத வகை. கார்டு பேசினால்தான் திரை. இதை ஏன் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

சில கார்டுகளின் விளிம்பில் ஒரு சுவிட்ச் இருக்கும், டாக்டர். அரிசியைவிடச் சின்னது. நான் சொன்ன அந்தக் கட்டளைகள் அந்த மாதிரிக் கார்டில் அசலும் நகலும்போல இரண்டு படிகளாக இருக்கும். ஒன்று கெட்டுப்போனால் சுவிட்சை நகத்தால் தள்ளி இன்னொன்றுக்குப் போகலாம். நல்ல ஏற்பாடு. அவள் கார்டும் அப்படிப்பட்டதுதான்.

அதே சமயத்தில் சென்னையில் ஓர் எடிட்டிங் ஆபீஸ் கழித்துவிட்ட பழைய மேக் மெஷின் ஒன்று என் கடைக்கு வந்திருந்தது. அதில் படம் வருமா என்று பார்க்க எனக்கு ஒரு கார்டு வேண்டியிருந்தது. பிரியா கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் கார்டை எடுத்து, இரண்டாவது படியில் மேக்குக்கான கட்டளைகளை எழுதிப் போட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. திரும்பக் கொண்டுபோய் அவள் மெஷினில் மாட்டினேன். சுவிட்சைப் பழைய பக்கம் தள்ள மறந்துவிட்டேன். சத்தியமாக மறதிதான், டாக்டர். அந்த முதல் தடவை மட்டும் மறதி.

அவள் வந்து மெஷினைப் போட்டாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. நான் மேலே போனேன். முகமெல்லாம் வேர்த்து நின்றாள்.

"என்னங்க, நான் எதையும் தப்பா அமுக்கிட்டேனா?"

நான் வாயெடுத்தேன். என் தவறுதான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது. கல்யாணமான முதல் வருஷத்தில், ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாளே, அந்தப் பார்வை. அது போய் எவ்வளவு காலமாகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பதறாத. நான் பாக்குறேன்" என்றேன்.

கீழே கொண்டுபோய்ச் சுவிட்சைத் தள்ளினேன். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மேலே கொண்டுவந்து மாட்டினேன். படம் வந்தது. அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வேன்" என்றாள். அன்றைக்கு எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

அடுத்த தடவை அவள் குளிக்கப் போயிருந்தபோது நானே தள்ளினேன்.

தினமும் செய்யவில்லை. அப்படிச் செய்தால் வேறு மெஷின் வாங்கியிருப்பாள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டுடியோவுக்கு வேலையை அனுப்ப வேண்டிய நாள் வந்தால் கறுப்பாகிவிடும். நான் கீழே கொண்டுபோவேன். சில சமயம் உடனே சரியாகும், சில சமயம் தாமதமாகும். மேக், விண்டோஸ், டிரைவர், ஒரு மெஷினில் ஓடுவது இன்னொன்றில் ஏன் ஓடாது என்றெல்லாம் அவளுக்கு விளக்குவேன். ஸ்டுடியோக்காரர்கள் மேக்கில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் அனுப்பும் ஃபைலைத் திறந்ததில் கார்டு குழம்பியிருக்கலாம் என்றேன். அது முழுப் பொய். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

ஸ்டுடியோவில் நல்லவர்கள். ஒரு தடவை தவறியதும் இன்னொரு தடவை கொடுத்தார்கள்.

பிரியா முட்டாள் இல்லை, டாக்டர். அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். போனில் எதையோ படித்துவிட்டு வந்து ஒரு நாள் கேட்டாள்.

"சில கார்டுல சின்னதா சுவிட்ச் இருக்குமாம்ல? நம்ம கார்டுல இருக்கா?"

"அது வேற மாடல். இதுல கிடையாது" என்றேன். அன்றைக்கே கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினேன். கறுப்பு அட்டையில் கறுப்பு டேப் தெரியாது. தேவைப்படும்போது எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுவேன்.

அவள் தம்பி அஜித் வந்திருந்தபோது, என்னிடம் சொல்லாமல் மெஷினை அவனுடைய பைக்கில் வைத்துக் கல்லுக்கட்டி பக்கம் இன்னொரு கடைக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தார்கள். நான் காதில் வாங்கிக்கொண்டேன். அவர்கள் கிளம்பும் முன்னால் சுவிட்ச் சரியான பக்கம் இருந்தது. அங்கே போட்ட உடனே படம் வந்திருக்கிறது. அந்தக் கடைக்காரர், "கார்டுல ஒரு குறையும் இல்லம்மா. நீங்க போடுறதுலதான் ஏதோ கோளாறு" என்று சிரித்தாராம். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"அங்குட்டுப் போட்டா ஓடுது. நீங்க போட்டா ஓடுது. நான் போட்டா மட்டும் ஓட மாட்டேங்குது. ஏங்க?"

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கல் நெஞ்சுக்காரன் இல்லை நான்.

பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள். நீங்களும் கேட்டீர்களே, அதே வார்த்தை. "யாரோ என் கம்ப்யூட்டரத் தொடுறாக."

கடையிலிருந்து வாரண்டி ஸ்டிக்கர் எடுத்துவந்து மெஷினின் மூடியும் பெட்டியும் சேருகிற இடத்தில் ஒட்டினாள். ஸ்டிக்கரில் பாதி, மூடியில் பாதி வருகிற மாதிரி கையெழுத்தும் போட்டாள். யாராவது திறந்தால் கிழியும், தெரிந்துவிடும் என்று. நல்ல யோசனை. ஆனால் அந்த ஸ்டிக்கர் என் கடையில் சுருள் சுருளாக இருக்கிறது. அவள் கையெழுத்தும் எனக்குப் பழகியதுதான். இரண்டு நாள் போட்டுப் பார்த்ததில் வந்துவிட்டது. மறுபடி திரை கறுப்பானபோது அவள் முதலில் ஸ்டிக்கரைத்தான் பார்த்தாள். கிழியாமல் இருந்தது. கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தன் கையெழுத்துத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப யாரும் தொடல" என்றாள். "எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சு."

ஸ்டுடியோவுக்கு அவளே போன் செய்து உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வருத்தப்பட்டார்கள். நான்தான் பேசச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். நான் அப்போது கடையில் இருந்தேன்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியும்விட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சுவிட்சை நான் தொடவே இல்லை. ஆனால் அவள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. ஒரு நாள் ஸ்டிக்கர் முழுசாக இருந்தது என்கிறாள், மறுநாள் அந்தக் கையெழுத்தில் சுழி வேறு மாதிரி இருந்தது, யாரோ தொட்டிருக்கிறார்கள் என்கிறாள். என் மாமனார் வீரையா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் பொண்ண இப்பிடிப் பாத்துக்கிறீகளே மாப்ள, வேற ஒருத்தன்னா கொண்டாந்து விட்டுட்டுப் போயிருப்பான்" என்றார். உங்களிடம் அழைத்து வந்ததும் நான்தான். எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம். நீங்கள் அவளிடம் அன்பாகத்தான் கேட்டீர்கள். கம்ப்யூட்டரை யாரோ தொடுகிறார்கள், கையெழுத்தையும் மாற்றிவிட்டார்கள் என்றாள். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டீர்கள்.

"நாங்க ரெண்டு பேர்தான் டாக்டர்" என்றேன்.

"நீங்க அந்த மெஷினைத் திறந்தீங்களா?"

"அவ கூப்பிட்டாத்தான் போவேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உங்களிடம் மெதுவாக, "அவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும் டாக்டர். அவுக பொய் சொல்ல மாட்டாக" என்றாள்.

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்ன விவரத்துக்குத் தகுந்த மருந்தைத்தான் கொடுத்தீர்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு வீடு அமைதியானது. வெயில் ஏறின பிறகுதான் எழுந்திருப்பாள். நான் தலைவாரிப் பின்னிவிடுவேன். முதலில் வகிடு கோணலாகப் போனது, இப்போது நேராக வருகிறது. இட்லியைப் பிட்டு ஊட்டிவிடுவேன். கை நடுங்குவதால் டம்ளரை நான்தான் பிடிக்க வேண்டும். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவள் என் தோளில் சாய்ந்துகொள்வாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததே இல்லை, டாக்டர். மாடி அறையைப் பூட்டிவிட்டேன். அவள் கேட்கவே இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மற்றதைக் கவனித்தேன். மிக்ஸியைத் தொட மாட்டேன் என்றாள். அப்புறம் லைட் சுவிட்ச். இருட்டினாலும் நான் வந்து போடும்வரை அப்படியே இருட்டில் உட்கார்ந்திருப்பாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால், "வேணாங்க, பட்டுப்போயிரும்" என்பாள். சரி, ஓய்வெடுக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் அஜித்தும் அவன் மனைவியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். பெண் குழந்தை, பாண்டீஸ்வரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் குழந்தை வயிற்றில் இருந்தபோதே பிரியா அதற்கென்று ஒரு தொட்டிலைக் கம்ப்யூட்டரில் வரைந்து தச்சரிடம் கொடுத்துச் செய்து அனுப்பியவள். அஜித் குழந்தையை அவளிடம் நீட்டினான்.

"அக்கா, ஒம் மருமகளத் தூக்கு."

பிரியா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்டா. நான் தொட்டா கெட்டுப்போயிரும்."

அஜித் விளையாட்டு என்று நினைத்து இன்னும் கிட்டே கொண்டுபோனான். அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டு, "கொண்டு போயிருடா, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்டா" என்று கத்திவிட்டாள். குழந்தை வீறிட்டது. அஜித் மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். பிரியா சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, குழந்தை அழுகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் அப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. நான் பிடித்து இழுத்தும் முன்னால் கொண்டுவர முடியவில்லை. கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அஜித் போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அக்காவக் காப்பாத்துங்க மச்சான்" என்றான்.

இதை நான் போனில் சொன்னபோது நீங்கள், அப்படியென்றால் மருந்தைக் கூட்ட வேண்டும், ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றீர்கள். அதனால்தான் வந்தேன். அவளை எங்கேயும் சேர்க்க வேண்டாம். அவள் இல்லாமல் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன்?

அவளுக்கு நோய் எதுவும் இல்லை, டாக்டர். அவள் உங்களிடம் சொன்னது எல்லாம் நடந்தது. மெஷினைத் திறந்தது நான். சுவிட்சைத் தள்ளியது நான். ஸ்டிக்கரைக் கிழித்துப் புதிதாக ஒட்டிக் கையெழுத்துப் போட்டது நான். இந்த அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் தொடவில்லை என்று சொன்னதும் நான்தான். ஒரு நல்ல மூளைக்கு நோய் என்று பெயர் வைத்து, அதற்கு நாளுக்கு இரண்டு வேளை என் கையாலேயே மாத்திரை கொடுத்திருக்கிறேன். நீங்கள் இதை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன்.

அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். கேட்டால் தாங்க மாட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு நம்பிக்கை இருப்பது என் ஒருவன் மேல்தான், அதையும் பறித்துவிட்டால் பாவம், அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? மருந்தை மட்டும் கொஞ்சம் குறைத்து எழுதிக் கொடுங்கள். குழந்தையைத் தூக்குகிற அளவுக்குக் குறைத்தால் போதும், டாக்டர். மாடி அறைச் சாவியைக் கேட்கிற அளவுக்கு வேண்டாம்.